எல்லா ஷெல்லிலும் ஓடியது

என் வலது காதில் நாள் முழுக்க ஒரு குரல் ஆங்கிலம் பேசிக்கொண்டே இருக்கும். கணினித் திரையில் உள்ள எழுத்தை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரின் குரல் அது. பழக்கமில்லாதவர்கள் என் ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தால் உடனே கழற்றிவிடுவார்கள். அவ்வளவு வேகமாக ஓடவிட்டிருப்பேன். இடது காது அலுவலகத்துக்கு. காபி மெஷினின் உறுமல், நாற்காலிகள் நகர்வது, யாராவது என்னைக் கூப்பிடுவது எல்லாம் அந்தக் காதுக்கு.

ஆரணியில் பள்ளிப்படிப்பு முடிக்கும்வரை எனக்கு நன்றாகவே கண் தெரிந்தது. கல்லூரிப் படிப்பின் நடுவில் விழித்திரை நோய் ஆரம்பித்தது. பட்டம் வாங்கும்போது ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் தெரிகிற நிலைக்கு வந்துவிட்டேன். பெங்களூருக்கு வந்து ஏறாத ஆபீஸ் இல்லை. எனக்குப் பாடம் தெரியவில்லை என்று எந்த இன்டர்வியூவிலும் யாரும் சொன்னதில்லை. "எங்க சாஃப்ட்வேரை நீங்க எப்படி யூஸ் பண்ணுவீங்க?" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்வியில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. திரை முழுக்கப் படங்களாக இருக்கும் மென்பொருளைத் திறந்தால் என் காதில் "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் கேட்கும். எது சேமிக்கிற பட்டன், எது அழிக்கிற பட்டன் என்று எப்படித் தெரியும்?

கமாண்ட் லைனில் அந்தக் கஷ்டம் இல்லை. ஒரு கட்டளையை எழுத்தில் அடித்தால் பதிலும் எழுத்திலேயே வரும். அதை வாசித்துச் சொல்ல என் காதில் அந்தக் குரல் இருக்கிறது; என் குரல் என்றே அதைச் சொல்வேன். அந்தக் கறுப்புத் திரையின் முன்னால் உட்கார்ந்தால் எனக்கும் பக்கத்து மேசைக்காரருக்கும் வித்தியாசமே கிடையாது. சொல்லப்போனால் எனக்கு அவரைவிட வேகம் அதிகம்.

கடைசியில் எனக்கு வேலை கொடுத்தது இந்திராநகரில் இருந்த ஒரு சின்ன நிறுவனம். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் தண்ணீர்த் தொட்டிகளில் மாட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அங்கே மென்பொருள் எழுதினார்கள். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் பெட்டி மோட்டாரைப் போடும், நிறைந்தால் அணைக்கும். மேனேஜர் துமகூருக்காரர். தமிழ் புரியும். பேசும்போது கன்னடம் பாதி, தமிழ் பாதி.

"நோடிம்மா, இங்க பாரு, பில்டு வேலை யாருக்கும் இஷ்டம் இல்லே. எல்லாம் கமாண்ட் லைன். போர் அடிக்குதுன்னு ஓடிடறாங்க. நீ செய்றியா?" என்று கேட்டார்.

போர் அடிக்கிற வேலை என்று அவர் சொன்னது என் காதில் சர்க்கரையாக விழுந்தது.

பில்டு என்றால் என்ன என்று அம்மாவுக்கு நான் விளக்கியது இப்படி: பத்துப் பேர் தனித்தனியாக எழுதின நிரல்களை எல்லாம் எடுத்து, மொழிபெயர்த்து, சேர்த்து, பெட்டிக்குள் ஏற்றக்கூடிய ஒரே கோப்பாகக் கட்டித் தருகிற வேலை. எதற்குப் பிறகு எது என்கிற வரிசை ஸ்கிரிப்ட் என்னும் எழுத்துக் கோப்புகளில் இருக்கும். அந்த ஸ்கிரிப்ட்டை ஒவ்வொரு வரியாகப் படித்து, சொன்னதைச் செய்கிற மென்பொருளுக்குப் பெயர் ஷெல். ஷெல்கள் பல உண்டு. எல்லாம் ஒரே பாஷையைத்தான் பேசுகின்றன, ஆனால் ஊருக்கு ஊர் கொஞ்சம் வித்தியாசமாக. எல்லோருக்கும் பொதுவான இலக்கணத்தை ஸ்டாண்டர்ட் என்ற பெயரில் எழுதி வைத்திருக்கிறார்கள். "அப்போ உன் வேலை தமிழ் வாத்தியார் வேலை மாதிரியா?" என்றாள் அம்மா. கிட்டத்தட்ட அதுதான் என்றேன்.

டெஸ்டிங் செய்ய என்னோடு இருந்தவள் ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்தவள். அவர்கள் வீட்டிலிருந்து முதன்முதலாக ஏசி ஆபீஸில் உட்கார்ந்தவள் என்று அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் திரும்பி, உருதுவில் ஒரு சொல்லைப் போட்டு முடிப்பாள். வயதில் என்னைவிடச் சின்னவள் என்பதால் என்னை அக்கா என்பாள். எனக்காக அவள் குரலைத் தாழ்த்தியதும் இல்லை, பரிதாபப்பட்டதும் இல்லை. முதல் நாளே, "க்கா, நான் கத்திக் கத்திதான் பேசுவேன். உன் காது ஷார்ப்புன்னு சொல்றாங்க. வலிச்சா சொல்லிடு" என்றாள்.

நான் சேர்ந்து ஓராண்டு ஆனபோது பீன்யாவில் இருந்த பம்பு தயாரிக்கும் நிறுவனம் ஒன்று எங்கள் மென்பொருளை வாங்கிக்கொள்ளச் சம்மதித்தது. எங்களுக்கு அதுவரை கிடைக்காத பெரிய வாடிக்கையாளர். ஒரே நிபந்தனை: பில்டை அவர்களுடைய கணினியில், அவர்களே ஓட்டிப் பார்ப்பார்கள். நிரல்களையும் ஸ்கிரிப்ட்டுகளையும் அனுப்பினோம். இரண்டு நாளில் பதில் வந்தது. பில்டு வெற்றி என்று காட்டியது, ஆனால் கோப்பைப் பெட்டிக்குள் ஏற்றினால் பெட்டி உயிரே பெறவில்லை.

மேனேஜர் எங்கள் மேசைக்கு வந்து நின்றார். "பில்டு சக்ஸஸ்ஸாம். பாக்ஸ் டெட்டாம். ஏன் ப்ராப்ளம்னு கேக்கறாங்க. வர்ற வெள்ளிக்கிழமை ஃபேஸ் டு ஃபேஸ் கூப்பிட்டிருக்காங்க. அன்னிக்கும் ஓடலைன்னா அவ்ளோதான்."

பீன்யாவில் பில்டு ஓடியபோது திரையில் வந்ததை எல்லாம் ஒரு கோப்பாக அனுப்பியிருந்தார்கள். ஆஸ்டின் டவுன்காரி அதைத் திறந்து மேலிருந்து கீழே சர்ரென்று இழுத்துப் பார்த்தாள். "எல்லாம் கரெக்டாதான் க்கா கீது. கடைசில சக்ஸஸ்னு பச்சையா வந்துக்கீது பாரு" என்றாள். ஆயிரக்கணக்கான வரிகள். யார் பார்த்தாலும் கடைசி வரியைத்தான் பார்ப்பார்கள். என்னால் அப்படித் தாண்டிப் போக முடியாது. என் குரல் முதல் வரியிலிருந்துதான் வாசிக்கும். டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே கேட்க ஆரம்பித்தேன்.

ஒழுங்காக இருக்கிற பில்டுக்கு ஒரு தாளம் உண்டு. கோப்பின் பெயர், முடிந்தது. கோப்பின் பெயர், முடிந்தது. மழை பெய்கிற மாதிரி போய்க்கொண்டே இருக்கும். பாதி சாப்பாட்டில் அந்தத் தாளம் தடுக்கியது. "லெஃப்ட் பிராக்கெட், கோலன்" என்று என்னவோ சொல்லிவிட்டு மறுபடி மழை தொடர்ந்தது. ஸ்பூனை வைத்துவிட்டுப் பின்னால் போய் மெதுவாகக் கேட்டேன். "எதிர்பாராத குறி" என்று ஷெல் முணுமுணுத்திருந்தது. ஒரே வரி. அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்காதது போல் வேலையைத் தொடர்ந்திருந்தது.

அந்த வரிக்குரிய ஸ்கிரிப்ட்டைத் திறந்தேன். இது சின்னத் தொட்டி மாடலா என்று ஷெல்லிடம் கேட்கிற இடம் அது. இரண்டு பெயர்களும் சமமா என்று கேட்க, எங்கள் ஆள் யாரோ சமக்குறியை இரண்டு முறை போட்டிருந்தார். என் காதில் "ஈக்வல்ஸ் ஈக்வல்ஸ்" என்று ஒலித்தது. எங்கள் அலுவலகக் கணினிகளில் இருந்த பாஷ் என்னும் ஷெல்லுக்கு அது புரியும். ஸ்டாண்டர்டில் இருப்பதோ ஒற்றைச் சமக்குறி. பீன்யாவின் ஷெல்லுக்குக் கேள்வியே புரியவில்லை. புரியாததால் பதில் "இல்லை" என்று எடுத்துக்கொண்டு, பெரிய தொட்டியின் நிரலைத் தேடப் போயிருந்தது. அவர்கள் வாங்கியது சின்னத் தொட்டி மாடல் மட்டும்தான்.

"ஏய், கிடைச்சிருச்சு!" என்று நான் கத்தியதில் ஆஸ்டின் டவுன்காரி நாற்காலியோடு உருண்டு வந்தாள். என் ஹெட்போனை ஒரு பக்கம் வாங்கி அவள் காதில் வைத்துக்கொண்டாள். நான் வேகத்தைக் குறைத்தேன்.

"ஈக்வல்ஸ் ஈக்வல்ஸ்… ஐயோ, ஆமா க்கா! கண்ணால பாத்தா தெரியவே தெரியாது. ரெண்டு கோடு, அவ்ளோதான்."

அன்று மாலையே எங்கள் ஸ்கிரிப்ட்டுகள் எல்லாவற்றையும் காதில் ஓடவிட்டேன். இரட்டிப்பாக ஒலிக்கிற இடங்களில் எல்லாம் சிக்கல் இருந்தது. ஸ்டாண்டர்ட் ஒரு சதுர அடைப்புக்குறியோடு நிறுத்திக்கொள்கிற இடத்தில் எங்கள் ஆட்கள் இரண்டு போட்டிருந்தார்கள். "லெஃப்ட் பிராக்கெட் லெஃப்ட் பிராக்கெட்" என்று காதில் விழுந்தால் போதும், அங்கே குறித்துக்கொள்வேன். இரட்டிப்பு எல்லாமே தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் தவறுகளில் பாதிக்கு மேல் அப்படித்தான் பிடிபட்டன.

மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். "சரி, பீன்யா ஷெல்லுக்கு எது எது வேணுமோ அத மட்டும் மாத்து. ஆயித்து, முடிஞ்சுது."

"இல்ல சார். அவங்க ஷெல்லுக்காக மாத்தினா நாளைக்கு இன்னொருத்தர் ஷெல்லுல விழும். ஸ்கிரிப்ட்டோட முதல் வரியில நாம ஸ்டாண்டர்ட் ஷெல்னுதானே எழுதியிருக்கோம்? அப்ப எந்த ஷெல்லா இருந்தாலும் ஓடணும். கிடைக்கிற ஷெல்லை எல்லாம் போட்டு டெஸ்ட் பண்றேன். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடுவோம்."

"எல்லா ஷெல்லுலயும் எதுக்கும்மா? நமக்குத் தேவை ஒண்ணுதானே?"

இதற்குப் பதில் சொல்வதற்குள் ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. பேசிக்கொண்டிருக்கும்போதேதான் உறைத்தது. "சார், இன்னொண்ணும் இருக்கு. பெரிய தொட்டி நிரல் அவங்ககிட்ட இல்லவே இல்ல. தேடிப் போய் கிடைக்கலைன்னா பில்டு தோத்துப்போச்சுன்னுதானே காட்டணும்? நம்ம மெஷின்ல அப்படித்தான் சிவப்பா நிக்கும். அவங்க மெஷின்ல ஏன் சக்ஸஸ்னு வந்துச்சு? பாதி கட்டின கோப்பை முழுசுன்னு நம்பிப் பெட்டில ஏத்தியிருக்காங்க. அது ஏன்னு தெரியாம பீன்யா போகக்கூடாது."

அவர் என் மேசை விளிம்பில் இரண்டு தடவை தட்டினார். பிறகு, "மாடு" என்றார். செய் என்று அர்த்தம்.

அந்த வாரத்தைப் போன்ற ஒரு வாரம் அதற்கு முன் எனக்கு வாய்த்ததில்லை. இணையத்தில் கிடைத்த ஷெல்களை எல்லாம் இறக்கி ஒரே கணினியில் வரிசையாக வைத்தோம். பாஷ், டாஷ், கார்ன் ஷெல், பீன்யாவில் இருந்த ஷெல், இன்னும் இரண்டு மூன்று. சின்னச் சின்ன ஸ்கிரிப்ட்டுகளாக எழுதினோம். ஒவ்வொன்றும் ஒரே ஒரு கேள்வி கேட்கும். வெற்றுச் சொல்லை இப்படிக் கொடுத்தால் என்ன செய்வாய்? இடைவெளி உள்ள கோப்பின் பெயரை எப்படி எடுத்துக்கொள்வாய்? ஸ்டாண்டர்டைப் படித்து, வரவேண்டிய பதில் எது என்று தீர்மானிப்பது என் வேலை. எல்லா ஷெல்லிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு, பதில் பொருந்துகிறதா என்று பார்க்கிற நிரலை ஆஸ்டின் டவுன்காரி எழுதினாள். தப்பான பதிலுக்கு ஒரு மணி ஒலிக்கும்படி அவளே செய்து வைத்தாள். "நீ கேக்கணும்ல க்கா" என்றாள், அதைப் பெரிய விஷயமாக்காமல்.

ஸ்டாண்டர்டை நான் போகும்போதும் வரும்போதும் கேட்டேன். அப்போது காக்ஸ் டவுனில் ஒரு டீச்சர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். காலையில் ஆட்டோ அல்சூர் சிக்னலில் நிற்கும்போது "ஷெல் வெளியேறும்போது" என்கிற பகுதி ஓடிக்கொண்டிருக்கும். ஆட்டோக்காரர் ஒரு நாள், "இன்னாம்மா, பாஷணமா, பிரசங்கமா கேக்குற?" என்றார். சட்டம் கேட்கிறேன் என்றேன். உண்மையும் அதுதான். மிகச் சுருக்கமான, மிக வறண்ட சட்டம். எந்தச் சொல்லும் வீணாக இருக்காது. சில வாக்கியங்களைப் பலமுறை கேட்டால்தான் பிடிபடும். பிடிபட்டதும் வரும் நிம்மதியை அனுபவித்தால்தான் தெரியும்.

புதன்கிழமைக்குள் எங்கள் ஸ்கிரிப்ட்டுகள் எல்லா ஷெல்லிலும் ஓட ஆரம்பித்துவிட்டன. ஒரு கேள்விக்கு மட்டும், ஒரே ஒரு ஷெல்லில், மணி அடித்துக்கொண்டே இருந்தது. பீன்யாவின் ஷெல்.

கேள்வி இதுதான். ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டும் முடியும்போது ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போகும். பூஜ்யம் என்றால் வெற்றி, வேறு எந்த எண்ணும் தோல்வி. எங்கள் ஸ்கிரிப்ட், போகிற போக்கில் தற்காலிகக் கோப்புகளை அழித்துச் சுத்தம் செய்துவிட்டுப் போகும். நடுவில் தோற்றுப்போய் வெளியேறினாலும் சுத்தம் செய்துவிட்டு, தோல்வியின் எண்ணோடுதான் போகவேண்டும். பீன்யாவின் ஷெல் சுத்தம் செய்து முடித்ததும், சுத்தம் செய்த வேலை வெற்றி என்பதால் பூஜ்யத்தைச் சொல்லிவிட்டுப் போனது. வீடு எரிந்துவிட்டது, ஆனால் வாசல் பெருக்கியாயிற்று, எல்லாம் நலம் என்பது போல.

"ஓ! அதான் அன்னிக்கு சக்ஸஸ்னு பச்சையா காட்டிச்சா!" என்று ஆஸ்டின் டவுன்காரி மேசையைத் தட்டினாள். பிறகு குரல் இறங்கியது. "ஆனா க்கா, தப்பு ஷெல்லோடதா, நம்ம டெஸ்ட்டோடதா? இந்த ஷெல்லை உலகம் பூரா யூஸ் பண்றாங்க. நம்ம ரெண்டு பேருதான் கண்டுபுடிச்சோம்னு சொன்னா யாரு நம்புவாங்க?"

எனக்கும் அதே சந்தேகம்தான். ஸ்டாண்டர்டில் அந்தப் பகுதியை மறுபடி கேட்டேன். வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு சொல்லாக. அப்படி வெளியேறும்போது, சுத்தம் செய்கிற வேலைக்கு முன்னால் கடைசியாக ஓடியது எதுவோ, அதன் எண்ணையே சொல்லவேண்டும் என்று அங்கே தெளிவாகவே இருந்தது. மற்ற ஷெல்கள் எல்லாம் அதைத்தான் செய்தன. நான் ஹெட்போனைக் கழற்றி வைத்தேன்.

"நம்ம டெஸ்ட் கரெக்ட்" என்றேன்.

எங்களைப் பொறுத்தவரை அதைச் சரிக்கட்டுவது சுலபம். சுத்தம் செய்வதற்கு முன்பே எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு, வெளியேறும்போது அதையே வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் எந்த ஷெல்லும் ஏமாற்றாது. அந்த ஒரு மாற்றத்தையும் செய்தோம். மணி நின்றது. மேனேஜரிடம் சொன்னபோது அவருக்கு வேறு கவலை. "பீன்யால போய் உங்க ஷெல் தப்புன்னு மட்டும் சொல்லிடாதம்மா. நம்ம பில்டு ஓடுது, சாக்கு. போதும்."

வெள்ளிக்கிழமை காலை மூவரும் மெட்ரோவில் கிளம்பினோம். மெஜஸ்டிக்கில் மாறும்போது கூட்டம் எங்களைத் தானாகவே மேலே ஏற்றிவிட்டது. ஆஸ்டின் டவுன்காரியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

பீன்யாவில் எங்களை எதிர்கொண்டவர் அந்த நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர். பேச்சிலேயே தெரிந்தது, கோலார் தங்கவயல் தமிழர் என்று. என் கையில் வெள்ளைக் கோலைப் பார்த்தவர், என்னிடம் பேசாமல் ஆஸ்டின் டவுன்காரியிடம், "அவங்க டீ குடிப்பாங்களா?" என்றார்.

"குடிப்பேன் சார். சர்க்கரை கம்மியா" என்றேன்.

அவர் ஒரு நொடி தடுமாறியது காதில் விழுந்தது. பிறகு வேலைக்கு வந்தார். "மொதல்ல ஒண்ணு கேக்கணும். ஓடாத கோப்பை உங்க பில்டு சக்ஸஸ்னு சொல்லிச்சு. இன்னிக்கு அது மறுபடி சக்ஸஸ்னு சொன்னா நான் எப்படி நம்பறது?"

மேனேஜர் தொண்டையைச் செருமினார். நான் முந்திக்கொண்டேன். இந்தக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"ரெண்டு தப்பு நடந்திருக்கு சார். ஒண்ணு எங்களோடது. ஸ்டாண்டர்டுல இல்லாத குறியைப் போட்டிருந்தோம், அதனால மாடல் மாறிப்போச்சு. எல்லாத்தையும் திருத்திட்டோம். இன்னொண்ணு உங்க ஷெல்லோடது. தோத்துப்போன வேலையை அது ஜெயிச்சுதுன்னு சொல்லுது."

மேனேஜர் பக்கத்திலிருந்து என் முழங்கையைத் தட்டினார்.

"மேடம், இந்த ஷெல்ல நாங்க பல வருஷமா ஓட்டறோம்" என்றார் தங்கவயல்காரர். குரலில் கோபம் இல்லை, பொறுமை இருந்தது. அதுதான் இன்னும் கஷ்டம்.

"மூணே வரி சார். உங்க மெஷின்ல நானே அடிச்சுக் காட்டலாமா?"

நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அவருடைய கணினியில் ஸ்கிரீன் ரீடர் கிடையாது. காதில் குரல் இல்லாமல் நான் நெடுங்காலமாக ஒரு வரிகூட அடித்ததில்லை. விசைப்பலகையின் நடுவில் இருக்கும் இரண்டு சின்ன மேடுகளைத் தடவி விரல்களை வைத்தேன். அறையில் மின்விசிறியின் சத்தம் மட்டும். வெளியேறும்போது சுத்தம் செய், மூன்று என்ற எண்ணோடு வெளியேறு, என்ன எண் வந்தது என்று சொல். ஒவ்வொரு எழுத்தையும் மனதுக்குள் என் குரலே உச்சரித்துக்கொண்டது. கடைசியில் என்டர் விசையைத் தட்டிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"என்ன வந்துச்சு?" என்று கேட்டேன்.

"சைபர்" என்றாள் ஆஸ்டின் டவுன்காரி. "மூணு வரணும். சைபர் வந்துக்கீது."

தங்கவயல்காரர் என் பக்கத்தில் வந்து குனிந்து நின்றார். அதே மூன்று வரிகளை அவரே அடித்தார். வேகமாக அடிக்கிறவர். மறுபடியும் சைபர்தான் வந்திருக்கவேண்டும், ஏனென்றால் 'ச்சு' கொட்டினார். பிறகு ஸ்டாண்டர்டைத் திறந்தார். எந்தப் பகுதி, எத்தனையாவது பத்தி என்று நான் சொல்லச் சொல்ல அவர் தேடிப் போனார். அந்த வாக்கியத்தை வாய்விட்டு ஆங்கிலத்தில் ஒரு முறை படித்தார். இன்னொரு முறை, மெதுவாகப் படித்தார்.

"அடக் கடவுளே" என்றார் தமிழில்.

அடுத்து அவர் செய்தது நான் எதிர்பார்க்காதது. வாசல் கதவைத் திறந்து யாரையோ கூப்பிட்டு, "அந்தப் பழைய பம்பு பிரச்சனை ஞாபகம் இருக்கா? காரணம் கெடச்சிடுச்சு, வாங்க" என்றார். அவர்களே எழுதிய ஒரு மென்பொருளில் அவ்வப்போது அரைகுறைக் கோப்பு வெற்றி என்ற பெயரில் வெளியே போய், பம்புகள் திரும்பி வந்திருக்கின்றன. வயரை மாற்றினார்களாம், டிஸ்கை மாற்றினார்களாம், ஆளைக்கூடத் திட்டினார்களாம். யாரும் ஷெல்லைச் சந்தேகிக்கவில்லை.

"மேடம்," என்று என் பக்கம் திரும்பினார். இந்த முறை என்னிடமே பேசினார். "இத்த கண்டுபுடிக்க நாங்க பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. எப்படிப் புடிச்சீங்க?"

"எல்லா ஷெல்லுகிட்டயும் ஒரே கேள்வி கேட்டோம் சார். ஒண்ணு மட்டும் மாத்திச் சொல்லிச்சு."

அதற்குப் பிறகுதான் எங்கள் பில்டை ஓட்டினோம். அவர் வேண்டுமென்றே ஒரு நிரலைக் கெடுத்துவிட்டு ஓட்டினார். சிவப்பு. சரிசெய்துவிட்டு ஓட்டினார். பச்சை. கோப்பைப் பெட்டிக்குள் ஏற்றி, தரையில் இருந்த சோதனைத் தொட்டியோடு இணைத்தார்கள். யாரோ தொட்டியிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் மட்டம் இறங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பெட்டிக்குள் "டிக்" என்றது. அடுத்த கணம் மோட்டார் உறுமிக்கொண்டு எழுந்தது. ஆஸ்டின் டவுன்காரி என் தோளைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் என் கையில் இருந்த டீ சிந்தியது. மேனேஜர் கன்னடத்தில், தமிழில், ஆங்கிலத்தில், எல்லாவற்றிலும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது அவர் எங்களை வீட்டுக்குப் போகவிடவில்லை. சிவாஜிநகருக்குக் கூட்டிப்போய், ஒரு கபாப் கடை முன்னால் நிறுத்தினார். அவர் சைவம். தனக்கு ஒரு பழரசம் வாங்கிக்கொண்டு, நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நான் சொல்லாதேன்னு சொன்னதைச் சொல்லிட்டே இல்லே?" என்றார். எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. "சொன்னது ஒள்ளேதாயித்து" என்று அவரே முடித்தார். நல்லதாகப் போயிற்று என்று.

அந்த ஷெல்லைப் பராமரிக்கிறவர்கள் உலகத்தின் பல மூலைகளில் இருக்கும் தன்னார்வலர்கள். திங்கட்கிழமை எங்கள் மூன்று வரிகளை அவர்களுக்கு அனுப்பினோம். ஸ்டாண்டர்டின் வாக்கியத்தையும் மற்ற ஷெல்கள் சொன்ன பதிலையும் சேர்த்து அனுப்பினோம். எனக்குக் கண் தெரியாது என்றோ நாங்கள் யார் என்றோ எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் வரவில்லை. யாரோ ஒருவர் முதலில் இது வேண்டுமென்றே அப்படி வைத்தது என்று வாதாடினார். நான் ஸ்டாண்டர்டின் பத்தியைச் சுட்டிப் பதில் எழுதினேன். இன்னொருவர் வேறொரு பகுதியைக் காட்டினார். அது எந்தச் சூழலுக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று விளக்கினேன். ஒருநாள் காலை, காக்ஸ் டவுன் மாடியில் தோசைக்கல் அடுப்பில் காய்ந்துகொண்டிருக்கும்போது, என் குரல் அந்தப் பதிலை வாசித்தது. நீங்கள் சொல்வது சரி, தவறு எங்களுடையது, திருத்திவிட்டோம். இனி ஒருபோதும் இது திரும்ப நுழையாதபடி உங்கள் சோதனையை எங்கள் சோதனைத் தொகுப்பிலேயே சேர்த்துக்கொண்டோம். நன்றி.

தோசை கருகியது. நான் அதை எடுக்கவில்லை. மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். எனக்கு வேலை தர முடியாதென்று சொன்ன அத்தனை அலுவலகங்களிலும், யாருடைய கணினியிலாவது அந்த ஷெல் இருக்கும். இனி அதன் ஒவ்வொரு புதுப்பதிப்பும் வெளியே வருவதற்கு முன் எங்கள் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லியாகவேண்டும்.

அம்மாவுக்கு போன் போட்டேன். ஷெல் என்றால் என்ன என்பதை மறுபடி முதலிலிருந்து சொல்லவேண்டியிருந்தது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவங்க தப்புன்னு அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பக்கத்து வீட்டுக்காரியை அவள் கூப்பிடுகிற சத்தம் போனிலேயே கேட்டது.

பீன்யாக்காரர்கள் மென்பொருளோடு எங்கள் சோதனைகளையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மேனேஜர் அதற்கென்று தனியாக ஒரு சின்னக் குழு போட்டு, அதை என் பொறுப்பில் விட்டார். அதே தங்கவயல்காரர் மாதம் ஒருமுறை போன் செய்து ஏதாவது ஒரு ஷெல்லின் விசித்திரத்தைச் சொல்லி, "இதுக்கு சட்டம் இன்னா சொல்லுது?" என்று கேட்பார்.

மழைக்காலம் முடியும் சமயத்தில் அந்த ஷெல்லின் புதுப்பதிப்பு எங்கள் கணினிக்கு வந்து சேர்ந்தது. ஆஸ்டின் டவுன்காரி எல்லாக் கேள்விகளையும் எல்லா ஷெல்களிடமும் மறுபடி ஓடவிட்டாள். என் வலது காதில் என் குரல் ஒவ்வொரு பெயராகச் சொல்லி, "பாஸ், பாஸ், பாஸ்" என்று வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் அவள் அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி, "அய்யோ க்கா, அந்த ஷெல்லும் பாஸு!" என்று கத்தினாள். யாரோ எதற்கென்றே தெரியாமல் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.